டாக்டரம்மா, எனக்கு இருப்பது மனசுக் கோளாறா, வயிற்றுக் கோளாறா?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். வயது 36, இரண்டு பிள்ளைகள், ஒன்றரை ஏக்கர் தேயிலை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"போன மழைக்காலத்தில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து, ஒன்றரை மாதத்துக்குள் மூன்று தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். அன்றிலிருந்து வயிறு சரியில்லை. எதைச் சாப்பிட்டாலும் உப்புசம், ஒரு நாள் போகாது, ஒரு நாள் நாலு தடவை போகும். கூடவே மனசும் விழுந்துவிட்டது. ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. கொழுந்து பறிக்கப் போனால் கை ஓடுவதில்லை. பிள்ளைகள் பேசினாலும் எரிச்சல். சில நேரம் இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது. குன்னூரில் ஒரு மனநல டாக்டர் எஸ்சிட்டலோபிராம் எழுதிக் கொடுத்தார், 10 வாரமாகச் சாப்பிடுகிறேன், பாதி பரவாயில்லை. இப்போது நாத்தனார் மகன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். மனச்சோர்வு மூளையில் வருவதே இல்லை, குடலில் இருக்கும் பாக்டீரியா கெட்டுப்போய்த்தான் வருகிறது, மாத்திரையை விட்டுவிட்டுக் குடலைச் சரிசெய்தால் போதும் என்கிறார்கள். மலப் பரிசோதனைக்கு 9,000 ரூபாய், கேப்சூலுக்கு மாதம் 2,500. வாங்கலாமா? அப்படியானால் எனக்கு மனநோய் இல்லைதானே டாக்டரம்மா? வயிற்றுக் கோளாறுதான் என்று மாமியாரிடம் சொல்லிவிடலாமா?"

அன்புள்ள தங்கைக்கு,

பாக்டீரியாவைப் பற்றி அப்புறம் பேசுவோம். "இருந்து என்ன ஆகப்போகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை உங்களுக்கு மாத்திரை கொடுத்த டாக்டரிடம் இதே வார்த்தையில் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். தேயிலைக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், சாவியும் அவரிடமே இருக்கட்டும். அந்த நினைப்பு அழுத்தமாக வருகிற நேரத்தில் தனியாக இருக்காதீர்கள், 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று அரசாங்கம் நடத்துவது, நீங்கள் முழித்துக்கொள்கிற அந்த 3 மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இவ்வளவு எதற்கு என்று நினைக்காதீர்கள். நோய் பாதி குறைந்திருக்கும் சமயத்தில் ஒருவர் மாத்திரையை நிறுத்தப்போகிறேன் என்று சொல்லும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சரி, இப்போது நேரடியான பதில். மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்தப் பரிசோதனையும் கேப்சூலும் வேண்டாம். ஆனால் வயிற்றைக் கவனிக்க வேண்டும், அதைத் தள்ளிப்போடவே கூடாது. வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை, உண்மையில் ஒரு துண்டை எடுத்து, மீதியை மறைத்துவிட்டு விற்கிறார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்தத் துண்டு என்ன என்று சொல்கிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே அருமையான விஷயம். நம் உடம்பில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாகக் கணக்கு, அதில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில். நம்மால் செரிக்க முடியாத நாரை அவை தின்று, பதிலுக்குக் குடல் சுவருக்கு உணவாகும் சில அமிலங்களைத் தருகின்றன, அந்த அமிலங்கள்தான் சுவரைக் கட்டுக்கோப்பாக வைத்து உடம்பில் அழற்சி கூடாமல் பார்த்துக்கொள்கின்றன. குடலிலிருந்து மூளைக்கு வேகஸ் என்று ஒரு நீண்ட நரம்பு போகிறது. அதில் இருக்கும் இழைகளில் பெரும்பாலானவை மூளையின் உத்தரவைக் கீழே கொண்டுவருபவை அல்ல, கீழே நடப்பதை மேலே சொல்பவை. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நம் பாட்டிகள் சொன்னது சும்மா இல்லை, அந்தப் பாதையில் இரண்டு பக்கமும் போக்குவரத்து உண்டு.

செரோடோனின் என்ற பெயரையும் அந்த வீடியோவில் கேட்டிருப்பீர்கள். உடம்பில் இருக்கும் செரோடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் உருவாகிறது, அது சரி. ஆனால் குடலில் இருக்கும் செரோடோனின் மூளைக்குள் நுழையாது, நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது, மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். நீங்கள் மாத்திரை ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் குமட்டலும் வயிற்றுக் கலக்கமும் இருந்ததா? நிறையப் பேருக்கு இருக்கும். மூளைக்காகக் கொடுத்த மாத்திரை குடலில் இருக்கும் செரோடோனினையும் தொட்டுவிடுகிறது, அதனால் வருவது அது.

ஆராய்ச்சிகளும் பொய்யில்லை. 2004-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில், பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளை நெருக்கடிக்கு உள்ளாக்கியபோது, சாதாரண எலிகளைவிட அவற்றின் உடம்பில் மன அழுத்த ஹார்மோன் அதிகமாக ஏறியது, ஒரு குறிப்பிட்ட நல்ல பாக்டீரியாவைக் கொடுத்ததும் அது அடங்கியது. 2016-ல் அயர்லாந்தின் கார்க் நகரத்தில் மனச்சோர்வு உள்ளவர்களின் குடல் பாக்டீரியாவை எடுத்து எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள், எலிகளுக்கும் பயமும் நாட்டமின்மையும் வந்தன. 2019-ல் பெல்ஜியத்தில் 1,054 பேரின் மலத்தை ஆராய்ந்ததில், மனச்சோர்வு உள்ளவர்களிடம் காப்ரோகாக்கஸ், டயலிஸ்டர் என்ற இரண்டு வகை பாக்டீரியா குறைவாக இருந்தன, அவர்கள் சாப்பிட்ட மாத்திரைகளைக் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்த பிறகும் குறைவுதான்.

இதைப் படித்ததும் "பார்த்தீர்களா, குடல்தான்" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். உங்களையே எடுத்துக்கொள்வோம். மனசு விழுந்த பிறகு ஒழுங்காகச் சமைத்தீர்களா? ஒரு டீயும் இரண்டு பன்னும் வைத்துப் பொழுதை ஓட்டிய நாட்கள் எத்தனை? தூக்கம் போயிற்று, நடமாட்டம் குறைந்தது. இந்த மூன்றுமே குடல் பாக்டீரியாவை மாற்றக்கூடியவை. அப்படியானால் பாக்டீரியா மாறியதால் மனசு விழுந்ததா, மனசு விழுந்ததால் பாக்டீரியா மாறியதா? பெல்ஜியம் ஆராய்ச்சியால் அதைச் சொல்ல முடியாது. உங்கள் விஷயத்தில் தொற்று முதலில் வந்தது, ஆன்டிபயாடிக் அடுத்து, சோர்வு கடைசியில், அதனால் குடலுக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். கடுமையான தொற்றுக்குப் பிறகு மாதக்கணக்கில் உப்புசமும் மலம் மாறி மாறிப் போவதும் இருப்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த ஒன்று, அதற்குத் தனியாக சிகிச்சையும் உண்டு. ஆனால் வீட்டுக்குள் தீ எப்படி வந்தது என்பது ஒன்று, எரிந்துகொண்டிருப்பதை அணைப்பது இன்னொன்று. உங்கள் மாத்திரை அணைக்கிற வேலையில் இருக்கிறது, பாதி அணைத்தும்விட்டது.

கேப்சூலுக்கு வருகிறேன். எலிகளிடம் பிரமாதமாக வேலைசெய்த, லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவில் ஒரு வகையை, அதே கார்க் ஆராய்ச்சியாளர்கள் ஆரோக்கியமான 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. தாங்கள் கண்டுபிடித்ததே பலிக்கவில்லை என்று அவர்களே எழுதினார்கள், அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். வேறு சில சிறிய ஆய்வுகளில், மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தபோது கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது. சேர்த்துக் கொடுத்தபோது என்பதைக் கவனியுங்கள், மாத்திரையை விட்டுவிட்டு அல்ல. மலப் பரிசோதனை பற்றி இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம்: மனச்சோர்வுக்கு இந்த பாக்டீரியா இவ்வளவு இருக்க வேண்டும் என்று யாராலும் அளவு வகுக்க முடியவில்லை, அளவே இல்லாதபோது 9,000 ரூபாய்க்கு வருகிற வண்ணப் படத்தை வைத்து எந்த டாக்டரும் ஒன்றும் செய்ய முடியாது.

நீங்கள் மலைக்காரர், அதனால் இதை உங்களுக்கு எளிதில் சொல்லிவிடலாம். ஊட்டியில் என் வீட்டில் டிசம்பர் மாதம் தயிர் உறைய வைப்பது ஒரு பெரிய வேலை. பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, உறைமோர் ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றி, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்புத் திண்டு ஓரமாக வைத்தால் மறுநாள் பத்து மணிக்கு உறையும், சில நாள் அதற்கும் ஆடையும் தண்ணீருமாகத்தான் இருக்கும். அதே உறைமோரை மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனால் மதியச் சாப்பாட்டுக்குக் கட்டித் தயிர் தயார். உறைமோர் ஒன்றுதான், அது விழுந்த இடம் வேறு. குடலும் அப்படித்தான். பாலே இல்லாத பாத்திரத்தில் எவ்வளவு நல்ல உறைமோர் ஊற்றி என்ன பயன்? அந்தப் பால் நீங்கள் சாப்பிடுகிற நார்தான், பயறும் காயும் கீரையும் முழு தானியமும். அது இல்லாமல் மாதம் 2,500 ரூபாய் கேப்சூலை விழுங்கினால், வந்த பாக்டீரியா தங்க இடமில்லாமல் போய்விடும்.

சாப்பாடு மனச்சோர்வுக்கு உதவுமா என்று நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் ஃபெலிஸ் ஜாக்கா என்பவர் தலைமையில் நடந்தது, 2017-ல் வெளியானது. மனச்சோர்வும் மோசமான சாப்பாட்டுப் பழக்கமும் உள்ள 67 பேர். ஒரு பாதிக்கு 12 வாரம் உணவு ஆலோசனை: காய், பழம், பயறு, முழு தானியம், கொட்டை வகைகள், மீன், நல்ல எண்ணெய், கூடவே இனிப்பும் பொரித்ததும் குறைப்பு. மறு பாதியோடு உட்கார்ந்து நட்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவில் உணவை மாற்றியவர்களில் 32 சதவீதம் பேர் நோயிலிருந்து வெளியே வந்திருந்தார்கள், மற்றவர்களில் 8 சதவீதம் பேர். சின்ன ஆய்வுதான், நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்கு முன் இதையும் கேளுங்கள்: அந்த 67 பேரில் 55 பேர் ஏற்கெனவே மாத்திரையிலோ மனநல ஆலோசனையிலோ இருந்தார்கள். அதை நிறுத்தச் சொல்லவில்லை, அதோடு சேர்த்துத்தான் சாப்பாட்டை மாற்றினார்கள். உங்களுக்கும் நான் சொல்வது அதைத்தான்.

ஆலிவ் எண்ணெய்க்கு எங்கே போவது என்று யோசிக்காதீர்கள். நம் மலையில் விளைகிற கேரட், பீட்ரூட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி எல்லாம் விடிவதற்குள் லாரி ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடுகிறது, அதை அள்ளிக் கட்டின வீட்டில் மதியம் வெள்ளைச் சோறும் ரசமும் ஊறுகாயும், இதை நான் 20 வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விற்றது போக மிஞ்சுகிற கோணல் கேரட்டும் முற்றின பீன்ஸும் உங்கள் குடலுக்குப் போதும். வாரத்தில் நாலு நாள் அவரையோ மொச்சையோ பட்டாணியோ ஊறவைத்துக் குழம்பு வையுங்கள். ராகிக் களி, சாமைச் சோறு, இரண்டில் ஒன்று இரண்டு நாளுக்கு ஒரு தடவை. உருளைக்கிழங்கை முந்தின நாளே வேகவைத்து ஆறவிட்டு மறுநாள் சாப்பிட்டால், ஆறும்போது அதில் இருக்கும் மாவுச்சத்தில் ஒரு பங்கு செரிக்காத வகையாக மாறி நேராக அந்த பாக்டீரியாவுக்குப் போய்ச் சேரும், பழைய சோற்றிலும் இதே கதைதான். ஒரு டம்ளர் மோரோ ஒரு கிண்ணம் வீட்டுத் தயிரோ தினமும். இட்லி மாவைப் புளிக்க வைத்த பாக்டீரியா ஆவியில் வெந்ததும் செத்துவிடும், ஆனாலும் இட்லி நல்ல உணவுதான், உளுந்து இருக்கிறதே.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. உங்கள் வயிறு இப்போது புண்பட்ட வயிறு. நாளைக்கே ஒரு குண்டா மொச்சை சாப்பிட்டால் ராத்திரி முழுக்க உப்புசத்தில் புரண்டுவிட்டு என்னைத் திட்டுவீர்கள். முதல் வாரம் ஒரு கைப்பிடி, நன்றாக வேகவைத்தது, வயிறு ஏற்றுக்கொண்டால் அடுத்த வாரம் கூட்டுங்கள். ஏற்றுக்கொள்ளாவிட்டால் பயறைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்துவிட்டுக் கேரட், பீன்ஸ், சாமையோடு நில்லுங்கள்.

அப்புறம் டீ. ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் என்று நீங்கள் எழுதவில்லை, தோட்டத்துக்காரர் என்பதால் ஆறுக்குக் குறையாது என்று வைத்துக்கொள்கிறேன். சாப்பாட்டோடும் சாப்பிட்ட உடனேயும் குடிக்கிற டீ, உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், மாலை 4 மணிக்குப் பிறகு வேண்டாம், அந்த 3 மணி முழிப்புக்கு அதுவும் தீனி போடும். கை ஓடுவதில்லை என்கிறீர்கள், அதற்கு மனச்சோர்வு ஒரு காரணம்தான், ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் பி12 குறைவும் அச்சு அசலாக அப்படியே செய்யும். அந்த 9,000 ரூபாயில் ஒரு சின்னப் பங்கைச் செலவழித்தால் ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், பி12 மூன்றையும் பார்த்துவிடலாம், அரசு மருத்துவமனையில் முதல் இரண்டுக்கும் காசே தேவைப்படாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இதில் ஒன்று இருந்தாலும் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கிறேன் என்று உட்காராமல் வயிற்று மருத்துவரிடம் போக வேண்டும். இனிமேல் சளிக்கும் சாதாரண காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள், தேவைப்பட்டால் டாக்டர் எழுதட்டும், எழுதினால் முழுதாகச் சாப்பிடுங்கள்.

மாத்திரை எத்தனை நாள் என்பது உங்கள் மனசில் இருக்கும். முழுக்க நலமான பிறகும் பொதுவாக 6 மாதமாவது தொடர வேண்டும், அதற்கப்புறம் டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை எல்லாம் வரலாம், நோயும் திரும்பலாம். 10 வாரத்தில் பாதிதான் சரியாகியிருக்கிறது என்றால் அளவைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ பேச்சு ஆலோசனை சேர்க்கவோ வழி இருக்கிறது. பாதியே போதும் என்று இருந்துவிடாதீர்கள், மீதிப் பாதியையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, நீங்கள் நிஜமாகக் கேட்ட கேள்வி. எனக்கு மனநோய் இல்லைதானே?

சில வருஷத்துக்கு முன் ஒரு எஸ்டேட்டிலிருந்து ஒருவர் வந்தார், ஐம்பதைத் தாண்டியவர். ஒரு மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட். இரண்டு வருஷமாக வயிற்று வலி, எண்டோஸ்கோப்பி இரண்டு தடவை, ஸ்கேன் நாலு, எல்லாமே நார்மல். ஒவ்வொன்றாக மேசைமேல் அடுக்கினார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "காலையில எத்தனை மணிக்கு முழிப்பு வருதுங்க?" என்று மட்டும் கேட்டேன். பையின் காதை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தவர், ரொம்ப நேரம் கழித்து, "அதைத்தான் யாரும் கேக்கலீங்க" என்று சொல்லி அழுதார். வயிறு வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு இரண்டு வருஷம் தைரியம் இருந்தது, மனசு வலிக்கிறது என்று சொல்ல இல்லை. வலி பொய்யில்லை, வயிறும் நிஜமாகத்தான் வலித்தது, ஆனால் மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்த இரண்டாம் மாதம் இரண்டுமே குறைந்தன.

உங்களுக்கு இருப்பது மனச்சோர்வு, தங்கச்சி. அதற்கு வயிறும் ஒரு வழியாக இருந்திருக்கலாம், அதனால் அது மனச்சோர்வு இல்லாமல் போய்விடாது. மாமியாரிடம் வயிற்றுக் கோளாறு என்று மட்டும் சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா, வயிறு கொஞ்சம் ஆறினதும் "இன்னும் எதுக்கு மாத்திரை" என்று முதல் ஆளாகக் கேட்பவர் அவராகத்தான் இருப்பார். நோய்க்கு மனச்சோர்வு என்று பெயர், மாத்திரை சாப்பிடுகிறேன், டாக்டர் சாப்பாட்டையும் மாற்றச் சொல்லியிருக்கிறார், எனக்குக் கொஞ்ச நாள் காலையில் சமையலில் கை கொடுங்கள் அத்தை என்று கேட்டுப் பாருங்கள். நீங்களாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், எங்களில் பெரும்பாலானவர்கள் அதை எடுத்துச் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறோம்.

நாத்தனார் மகன் அக்கறையில்தான் அனுப்பியிருக்கிறான், அவனிடம் கோபப்பட வேண்டாம். ரத்தப் பரிசோதனை வந்ததும் அதன் விவரத்தோடு, ராத்திரி எத்தனை மணிவரை தூங்க முடிகிறது என்பதையும் ஆறு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள்.